தீர்ப்புக்கு முந்தின நாள்: லெப்டினன்ட் ராம்போகஸின் சுரினாம்

1980 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை. தென்னமெரிக்காவின் வடகரையில் இருக்கும் சுரினாமின் தலைநகர் பரமாரிபோவில் மூன்று சார்ஜெண்ட்டுகள் மீதான வழக்கில் அன்றைக்குத் தீர்ப்பு வந்திருக்க வேண்டும். பத்ரிசைன் சிதால், லாரன்ஸ் நேடே, ராமோன் ஆப்ரஹாம்ஸ் ஆகியோர்தான் அந்த மூவர். ராணுவத்துக்குள் சங்கம் வைத்தார்கள், மேலிடத்துக்கு அடங்காமல் முகாமில் உட்கார்ந்து போராடினார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். தீர்ப்பு வாசிக்கப்படவில்லை. முந்தின நாள் விடிகாலையிலேயே 16 சார்ஜெண்ட்டுகள் கூடி அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டார்கள்.

சுரினாமைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகப் பனிப்போர், கியூபா, கொக்கெய்ன் என்று தொடங்குவார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் சுரேந்திர ராம்போகஸ் என்ற இளம் அதிகாரிக்கு என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்று விளங்கிக்கொள்ள இன்னொரு நேர்வழி இருக்கிறது. ராணுவ நீதிமன்றத்தின் வழக்குக் கட்டுகளைப் பின்தொடர்ந்து போனால் போதும். முதல் வழக்கில் தீர்ப்பு வரும் முன்பே ஆட்சி கவிழ்ந்தது. இரண்டாவது வழக்கில் தண்டனை விதித்தும் ஆத்திரம் தீராமல் கைதியையும் வக்கீல்களையும் சேர்த்தே சுட்டார்கள். அந்தக் கொலைகளுக்கான மூன்றாவது வழக்கு, கொலை நடந்து 41 ஆண்டுகள் கழித்து முடிந்தது.

முதலில் அந்த ராணுவத்தின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975 நவம்பர் 25 அன்று சுரினாம் நெதர்லாந்திடமிருந்து விடுதலை பெற்றது. அதுவரை அங்கிருந்த டச்சுப் படையின் முகாம்கள், வண்டிகள், துப்பாக்கிகள் எல்லாம் புதிய சுரினாம் படையின் கைக்கு வந்தன. ஆள்பலம் சுமார் 600. இரண்டு பந்தியில் சாப்பாடு முடிந்துவிடும். இவ்வளவு சிறிய படையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் எந்த ஊர், யாருக்கு எப்போது பதவி உயர்வு மறுக்கப்பட்டது, யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் ரகசியமே இல்லை. பின்னால் நடந்தவற்றில் பாதியை இந்தச் சிறிய அளவே விளக்கிவிடும்.

சார்ஜெண்ட்டுகளின் குறை விசித்திரமானது அல்ல. சம்பளம், பதவி உயர்வு, சங்கத்துக்கு அங்கீகாரம் ஆகிய மூன்றையும் கேட்டார்கள். இவர்களில் பலர் நெதர்லாந்து ராணுவத்தில் வேலை கற்றவர்கள். அங்கே 1960களிலிருந்தே சிப்பாய்களுக்குச் சங்கம் உண்டு. முடி வளர்த்துக்கொள்ளும் உரிமையைக்கூடப் பேசி வாங்கிய சங்கம் அது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஊர் திரும்பி அதையே கேட்டபோது, பிரதமர் ஹென்க் அரோனின் அரசு அசைந்து கொடுக்கவில்லை. 1980 ஜனவரி கடைசியில் சங்கத்துக்காரர்கள் மெம்ரே பூக்கூ முகாமில் உட்கார்ந்தார்கள். காவல்துறை வந்து கலைத்தது. ராணுவத்தானைப் போலீஸ் வெளியே தள்ளிய அந்த அவமானம் மறக்கப்படவில்லை. பிப்ரவரி 25 அன்று ஒரு ரோந்துப் படகு ஆற்றிலிருந்து சுட்டதில் காவல்துறைத் தலைமையகம் எரிந்து சாம்பலானது. கணக்கு எங்கே தொடங்கியது என்பதை இலக்கின் தேர்வே சொல்லிவிடுகிறது. பொதுத்தேர்தலுக்கு மார்ச் 27 என்று நாள் குறித்திருந்தார்கள். ஒரு மாதம்தான் பாக்கி.

சங்கத்தின் தலைவர் டெசி பௌடர்சே. 1945-இல் டோம்பர்க் கிராமத்தில் பிறந்தவர். நெதர்லாந்துப் படையில் சேர்ந்து, ஜெர்மனியிலும் பணிபுரிந்து, விடுதலை நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஊர் திரும்பியவர். படைக்கு உடற்பயிற்சி ஆசிரியர், நல்ல கூடைப்பந்து வீரர். இளம் சிப்பாய்கள் தினமும் காலையில் அவர் குரலுக்கு ஓடிப் பழகியிருந்தார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் கர்னலுக்கு இந்தச் செல்வாக்கு வாய்க்காது.

ராம்போகஸ் வேறு ரகம். 1953 மே 5 அன்று நாட்டின் மேற்கு ஓரத்தில், வயல் சூழ்ந்த நிக்கேரி மாவட்டத்தில் பிறந்தார். சுரினாமில் 'இந்துஸ்தானி' என்று அழைக்கப்படும் சமூகம் அவருடையது. 1873-இல் லல்லா ரூக் என்ற கப்பலில் தொடங்கி 1916 வரை ஏறத்தாழ 34,000 பேர் கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பெரும்பாலோர் போஜ்பூரி பேசியவர்கள். அண்டை நாடான கயானாவுக்குச் சென்னையிலிருந்தும் கப்பல் போனதால் அங்கே மாரியம்மன் வழிபாடு வேர் பிடித்தது. சுரினாமின் கூலிக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே போனதால் அங்கே அந்தத் தடம் இல்லை.

நெதர்லாந்தில் அதிகாரிப் பயிற்சி முடித்து லெப்டினன்ட்டாக வந்தவர் ராம்போகஸ். சார்ஜெண்ட் சலாம் வைக்க வேண்டும், லெப்டினன்ட் ஏற்க வேண்டும் என்பது ராணுவத்தின் அரிச்சுவடி. 1980 பிப்ரவரிக்குப் பிறகு அது தலைகீழானது. கையில் பட்டை தைத்தவர்கள் ஆணையிட, நட்சத்திரம் குத்தியவர்கள் கேட்டு நடந்தார்கள். அதிகாரி வர்க்கம் முழுவதும் ஒரே நாளில் விருந்தாளி ஆகிவிட்டது. ராம்போகஸின் எதிர்ப்பை ஜனநாயகப் பற்று என்ற ஒரே சொல்லில் அடக்குகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பற்று இருந்திருக்கலாம். ஆனால் கட்டளைச் சங்கிலி அறுந்த படை ஆயுதம் தாங்கிய கூட்டமாகிவிடும் என்று பயிற்சிக் கூடத்தில் படித்தவர் அவர். அந்தக் கூட்டத்துக்குள்தான் தினமும் உடுப்பு மாட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மார்ச் 1980-இல் ஹென்க் சின் ஆ சென் என்ற மருத்துவரைப் பிரதமராக்கினார்கள். ஆகஸ்ட் 13 அன்று ஜனாதிபதி யோஹான் ஃபெரியரை அகற்றி, அரசியல் சாசனத்தை நிறுத்திவைத்து, சின் ஆ சென்னையே ஜனாதிபதியும் ஆக்கினார்கள். அதே மாதம் சிதால் உள்ளிட்ட இடதுசாரிச் சார்ஜெண்ட்டுகள் மூவர் சதி செய்ததாகக் கைதாகி, அடுத்த ஆண்டு விடுதலையாகி, மறுபடி அதிகார வட்டத்துக்குள் வந்தார்கள். 1981 மார்ச் 15 அன்று சார்ஜெண்ட் மேஜர் வில்ஃப்ரெட் ஹாக்கர் எதிர்ப்புரட்சிக்கு முயன்று தோற்றுச் சிறைக்குப் போனார். 1982 பிப்ரவரியில் சின் ஆ சென் விலகினார். கூட்டாளி, கைதி, மந்திரி என்ற மூன்று வேடத்தையும் ஒரே ஆள் ஒன்றரை ஆண்டுக்குள் போட்டுப் பார்க்கக்கூடிய காலம் அது.

1982 மார்ச் 11 அதிகாலையில் ராம்போகஸ் களமிறங்கினார். திட்டம் எளிமையானது. சாண்ட்டோ போமா சிறையிலிருந்து ஹாக்கரை மீட்பது. மெம்ரே பூக்கூ முகாமைப் பிடிப்பது. தேசிய விடுதலைக் குழு என்ற பெயரில் ஆட்சியை அறிவிப்பது. இதெல்லாம் நடந்தது. முகாமும் கைக்கு வந்தது. ஆனால் அப்போது படைத் தளபதியாக இருந்த பௌடர்சே கைக்கு வரவில்லை. அவர் சுரினாம் ஆற்றங்கரையில் இருக்கும் ஜேலாண்டியா கோட்டைக்குள் போய்விட்டார்.

தோல்வியின் காரணம் இங்கேதான் இருக்கிறது. 600 பேர் கொண்ட படையில் ஆட்சிக் கவிழ்ப்பு என்பது பெரும்பாலும் போரே அல்ல. எந்தப் பக்கம் சாய்வது என்று காத்திருக்கும் நானூறு, ஐந்நூறு பேரின் மனக்கணக்குதான். முகாமைப் பிடித்தவனிடம் வெடிமருந்துக் கிடங்கு இருக்கும். ஆனால் தளபதி உயிரோடு, வெளியே, தொலைபேசி எட்டும் தூரத்தில் இருந்தால் காத்திருப்பவன் இன்னும் கொஞ்சம் காத்திருப்பான். 1980-இல் சார்ஜெண்ட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் காத்திருந்தவர்கள் அவர்களுடைய ஆட்கள். ராம்போகஸுக்கு அதிகாரிப் பதவி இருந்தது. காலைப் பயிற்சியில் கூடவே ஓடிய சிப்பாய்க் கூட்டம் இல்லை. ஹாக்கரை முதலில் மீட்டதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். சிப்பாய்கள் கேட்டுப் பழகிய குரல் ஒன்று லெப்டினன்ட்டுக்குத் தேவைப்பட்டது.

ஒரு நாளைக்குள் நிலைமை புரண்டது. ஹாக்கர் காயம்பட்டுப் பிடிபட்டார். படுக்கவைத்தபடியே தொலைக்காட்சியில் காட்டினார்கள். மார்ச் 13 அன்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. ராம்போகஸ் தப்பி, பிறகு பிடிபட்டார். அந்த இடைவெளிதான் அவரை நீதிமன்றம்வரை கொண்டுபோனது. இல்லையென்றால் அவருக்கும் ஸ்ட்ரெச்சர்தான்.

மெம்ரே பூக்கூ என்ற பெயரைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. சுரினாமின் பொதுப் பேச்சுமொழியான ஸ்ரானானில் 'பூக்கூவை நினைவில் கொள்' என்று பொருள். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் (இவர்களை மரூன்கள் என்பார்கள்) 18-ஆம் நூற்றாண்டில் சதுப்பு நிலத்துக்குள் கட்டிய கோட்டைதான் பூக்கூ. டச்சுக்காரர்கள் 1772-இல்தான் அதைப் பிடிக்க முடிந்தது. அரசை எதிர்த்தவர்களின் கோட்டைப் பெயரை அரசின் முகாமுக்கு வைத்திருக்கிறார்கள். 1986-இல் அந்த முகாமின் சிப்பாய்கள் போரிடப் போனது, அதே மரூன் மக்களின் வழிவந்தவர்களோடு.

இனி இரண்டாவது வழக்கு. ராம்போகஸுக்காக வாதாடியவர்கள் ஜான் பாபுராம், எடி ஹூஸ்ட், ஹரோல்ட் ரீடெவால்ட் ஆகிய மூவர். ஹூஸ்ட் முன்னாள் நீதி அமைச்சர். சட்டப்படியான அரசை ஆயுதத்தால் கவிழ்க்க முயன்றது குற்றம் என்றால், அந்த அரசு எப்படி வந்தது என்ற கேள்வி தானாகவே எழும். பிப்ரவரி 25-ஐப் புரட்சி என்றும் மார்ச் 11-ஐக் குற்றம் என்றும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது? ஒன்று ஜெயித்தது, மற்றது தோற்றது. அதைத் தவிர வேறு பதில் ஆட்சியிடம் இல்லை. சாதாரணக் காலத்தில் இது சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான விவாதம். தேர்தல் இல்லாத, பாராளுமன்றம் இல்லாத, சாசனம் முடங்கிய நாட்டில், ஆட்சியின் பிறப்புரிமையைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே மேடையாக இந்த வழக்கு மாறிவிட்டது.

வெளியேயும் சூடேறிக்கொண்டிருந்தது. 1982 அக்டோபர் கடைசியில் கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் இடதுசாரிப் பிரதமர் மொரிஸ் பிஷப் வந்தபோது, சிரில் டாலின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தால் அவரை வரவேற்றது. நவம்பரில் வழக்கறிஞர்கள், மதத் தலைவர்கள், வணிகர்கள், பத்திரிகையாளர்கள் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து ஜனநாயகத்துக்குத் திரும்பும் காலக்கெடுவைக் கேட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ராணுவ நீதிமன்றம் ராம்போகஸுக்கு 12 ஆண்டுச் சிறை விதித்தது.

டிசம்பர் 8 அதிகாலையில் வீடு வீடாகப் போய் ஆட்களைத் தூக்கினார்கள். இரண்டு வானொலி நிலையங்களும், ஒரு பத்திரிகை அலுவலகமும், டாலின் தொழிற்சங்கக் கட்டடமும் எரிந்தன. ஜேலாண்டியா கோட்டைக்குள் 15 பேர் கொல்லப்பட்டார்கள். நால்வர் வழக்கறிஞர்கள்: ராம்போகஸின் மூன்று வக்கீல்களும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் கென்னத் கொன்சால்வெஸும். நால்வர் பத்திரிகையாளர்கள். இருவர் பல்கலைக்கழகத்தவர். தொழிற்சங்கத் தலைவர் டால். வானொலி நிலைய உரிமையாளரும் கால்பந்து நிர்வாகியுமான ஆந்த்ரே காம்பர்வேன். இன்று பரமாரிபோவின் பெரிய மைதானத்துக்கு அவர் பெயர். ராபி சோஹன்சிங் என்ற வணிகர். மீதி இருவர் ராணுவத்தினர்: ராம்போகஸ், ஜீவன்சிங் ஷேயோம்பார். இந்த இருவரையும் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஏற்கெனவே அரசின் காவலில் இருந்தவர்கள். ராம்போகஸுக்கு வயது 29.

பிடிக்கப்பட்ட பதினாறாவது ஆள், தொழிற்சங்கத் தலைவர் ஃப்ரெட் டெர்பி, உயிரோடு திரும்பினார். உள்ளே பார்த்ததைப் பகிரங்கமாகச் சொல்ல அவருக்கு 18 ஆண்டுகள் பிடித்தன.

'தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள்' என்றது அரசு. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். பாபுராமின் மனைவி தொடுத்த முறையீட்டின் பெயரிலேயே அந்த வழக்கு இன்றும் சட்ட மாணவர்களுக்குத் தெரியும். தப்பியோடினார்கள் என்பதற்கு அரசு ஆதாரம் எதையும் தரவில்லை என்று சொல்லி, உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது என்று 1985 ஏப்ரலில் அந்தக் குழு முடிவு கூறியது. நெதர்லாந்து உதவியை நிறுத்தியது. விடுதலையின்போது ஒப்பந்தமான மொத்தத் தொகை 350 கோடி கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). நாட்டின் வரவு செலவே அதை நம்பித்தான் ஓடியது.

கொலைகளோடு கலகம் அடங்கவில்லை. பௌடர்சேயின் வலதுகையாக இருந்த ரோய் ஹோர்ப் 1983 பிப்ரவரியில் சிறை அறையில் தூக்கில் பிணமாகக் கிடந்தார். பௌடர்சேயின் மெய்க்காவலராக இருந்த ரோனி புருன்ஸ்வைக் 1986 ஜூலையில் காட்டுப் பகுதியில் ஆயுதம் தூக்கினார். அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று மோய்வானா கிராமத்தில் ராணுவம் குறைந்தது 39 பேரைக் கொன்றது. ஆயிரக்கணக்கானவர்கள் மரோவைன் ஆற்றைக் கடந்து பிரெஞ்சு கயானாவுக்கு ஓடினார்கள். 1992-இல்தான் சமாதான உடன்படிக்கை வந்தது. இதே புருன்ஸ்வைக் 2020-இல் துணை ஜனாதிபதி ஆனார். சுரினாமில் யாரையும் முடிந்த கதையாகக் கணக்கெழுத முடியாது.

மூன்றாவது வழக்கு ஏன் இவ்வளவு இழுத்தது? முதல் தடை காலக்கெடு. அந்நாட்டுச் சட்டப்படி இத்தகைய குற்றத்துக்கு 18 ஆண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். அதாவது 2000 டிசம்பர் 8-க்குள். இடையில் முறையான விசாரணை ஆணை ஒன்று பதிவானால் அந்தக் கெடு முறிந்து புதிதாக ஓடத் தொடங்கும். குடும்பத்தார் விடாமல் முட்டியதால், கெடுவுக்கு ஐந்து வாரங்களே இருக்கும்போது, 2000 நவம்பர் முதல் தேதி உயர்நீதிமன்றம் விசாரணைக்கு உத்தரவிட்டது. தவறியிருந்தால் கோப்பு அன்றோடு மூடியிருக்கும்.

விசாரணை நீதிபதியின் வேலை முடிந்து, 2007 நவம்பர் 30 அன்று 25 பேர் மீது வழக்கு தொடங்கியது. இதுவும் ராணுவ நீதிமன்றமே. தலைமையில் சிவில் நீதிபதி, பக்கத்தில் ராணுவ உறுப்பினர்கள். குற்றம் நடந்தபோது சந்தேக நபர்கள் படையில் இருந்ததால் வழக்கு அங்கேதான் போக வேண்டும். பௌடர்சே அரசியல் பொறுப்பை ஏற்பதாகச் சொன்னார். சுடும்போது தான் அங்கே இல்லை என்றார். 2010-இல் அவரே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குற்றம்சாட்டப்பட்டவர் நாட்டின் தலைவர் என்ற நிலையில் வழக்கு நகர்ந்தது.

2012 மார்ச் 23 அன்று, உடன் குற்றம்சாட்டப்பட்டிருந்த ரூபன் ரோசென்டால் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: டாலையும் ராம்போகஸையும் பௌடர்சே தன் கையாலேயே சுட்டார் என்று. பௌடர்சே அதை மறுத்தார். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 4 அன்று, பாராளுமன்றம் 28-க்கு 12 என்ற வாக்கில் பொதுமன்னிப்புச் சட்டத்தைத் திருத்தியது. முந்தைய சட்டம் 1985-க்குப் பிந்தைய குற்றங்களை மட்டுமே மன்னித்தது. புதிய திருத்தம் தேதியை 1980 ஏப்ரலுக்கு இழுத்தது. டிசம்பர் 1982 உள்ளே வந்துவிட்டது. வழக்கு நின்றது.

2016-இல் அதே ராணுவ நீதிமன்றம், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் தலையிட இந்தச் சட்டத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. உடனே அரசு, சாசனத்தின் 148-ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி வழக்கை நிறுத்துமாறு அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு ஆணையிட்டது. 2017 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் ஒதுக்கியது. 2019 நவம்பர் 29 அன்று, பௌடர்சே சீனாவில் பயணத்தில் இருந்தபோது, 20 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது.

அதோடும் முடியவில்லை. ஆள் இல்லாமல் வந்த தீர்ப்பை எதிர்த்து அதே நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்ப அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. எழுப்பினார். 2021 ஆகஸ்டில் அதே தண்டனை. பிறகு மேல்முறையீடு. 2023 டிசம்பர் 20 அன்று இறுதித் தீர்ப்பு: பௌடர்சேக்கு 20 ஆண்டு, வேறு நால்வருக்கு 15 ஆண்டு. அப்போது நாட்டின் ஜனாதிபதி சான் சந்தோகி. காவல்துறையில் இருந்த காலத்தில் இந்தக் கொலைகளின் விசாரணையை நடத்தியவர் அவர்தான்.

2024 ஜனவரி 12 அன்று ஐவரும் சிறையில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. மூவர் வந்தார்கள். பௌடர்சே வரவில்லை, இன்னொருவரும் வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று, 79 வயதில், தலைமறைவாகவே இறந்தார் பௌடர்சே. உடல் எங்கிருந்தோ பரமாரிபோவில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஜேலாண்டியா கோட்டை இப்போது அருங்காட்சியகம். ஆற்றைப் பார்த்த மூலைக் கொத்தளத்தின் சுவரில் குண்டு துளைத்த பள்ளங்களைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.